ஒலி இதழ்: மாணவர் வானொலி நிகழ்ச்சி உருவாகும் முறை

தோற்றுவாய்

அச்சிதழ் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் அட்டையைப் பார்க்கிறார். பின்பு பொருளடக்கத்தை நோக்குகிறார். தமக்கு உவப்பான பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எஞ்சியவற்றை நாளைக்கென ஒதுக்கி வைக்கிறார். வானொலியில் வரும் இதழுக்கு இவ்வாய்ப்புகளுள் ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கம் கிடையாது. தவறவிட்ட வரியைத் தேடிக் காணும் வழியும் கிடையாது. ஆயினும் ‘இதழ்’ என்னும் பெயர் அதற்குப் பொருந்தியே நிற்கிறது. உரை, நேர்முகம், உரைச்சித்திரம், கவிதை, இசை, நேயர் மடல் எனப் பல கூறுகளை ஒரு தொகுப்பாளரின் குரலால் இணைத்துக் குறித்த நேரத்துள் வழங்குவதே ஒலி இதழ் எனப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறையின் இறுதியாண்டு மாணவ மாணவியர் பதினொருவர் அத்தகைய இதழ் ஒன்றை உருவாக்கினர். அருகமைந்த சமுதாய வானொலி நிலையம் ஒன்று அரைமணி நேரத்தை மனமுவந்து அளித்தது. நெறிப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. இலக்கணமும் காப்பியமும் கற்பித்துப் பழகிய எனக்கு ஒலிவாங்கியோடு அதிகப் பழக்கமில்லை. அப்பணியில் கற்றவற்றையும், கற்பதற்கு முன் செய்த பிழைகளையும் ஈண்டு எழுத முற்படுகிறேன். அடுத்து வரும் அணியினருக்கு இது பயன்படக்கூடும்.

வடிவம் வந்த வழி

இவ்வடிவம் புதியதன்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 1946 அக்டோபரில் தொடங்கிய ‘வுமன்ஸ் ஹவர்’ என்னும் மகளிர் இதழ் நிகழ்ச்சி இன்றளவும் நடைபெற்று வருகிறது. மகளிருக்கான அந்நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் ஓர் ஆண்மகன் என்பது வியப்புக்குரிய செய்தி. நம் நாட்டில் அகில இந்திய வானொலி 1969ஆம் ஆண்டில் தில்லியில் ‘யுவவாணி’யைத் தொடங்கி இளைஞர்களையே எழுதவும் பேசவும் வைத்தது. தமிழ் நிலையங்களில் அவ்வழி வந்த ‘இளைய பாரதம்’ நிகழ்ச்சியில் முதன்முதலாகத் தம் குரலைக் கேட்டவர்கள் நம் ஊர்களில் பலர் உளர்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப் பெற்றது. அந்நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டே 1960களின் பிற்பகுதியில் காவிரிப் பாசன உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்வகையைப் பயிரிடத் தலைப்பட்டனர். எண்ணைப் பெயராகக் கொண்ட அந்நெல்லுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’ என்பதாகும். இதனை வகுப்பில் கூறியபோது மாணவர் சிரித்தனர். ஆனால் ஒரு நிகழ்ச்சி தன் நேயரைச் சென்று சேர்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

வானலைகள் பொதுச்சொத்து என உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்கள் சிறு நிலையங்களை நிறுவலாம் என்னும் இசைவு 2002இல் வந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி முதல் நாளன்று இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் அவ்வுரிமை தொண்டு நிறுவனங்களுக்கும் விரிந்தது. இந்நிலையங்களின் ஆற்றல் பொதுவாக 100 வாட் அளவிற்கு உட்பட்டது; ஒலி 5 முதல் 10 கிலோமீட்டர் தொலைவுக்கே எட்டும். நிகழ்ச்சிகளுள் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்பால் உருவாக வேண்டும் என்பது விதி. இதனைக் குறை என்று கருதுவோர் உண்டு. நம் நேயர் மிதிவண்டியில் சென்று காணத்தக்க தொலைவில் வாழ்கிறார் என்பதே இதன் பொருள் என நான் கொள்கிறேன்.

யார் கேட்பார்?

முதற்கூட்டத்தில் ‘‘நிகழ்ச்சி யாருக்கு?’’ என்று வினவினேன். ‘‘இளைஞர்களுக்கு ஐயா’’ என்று ஒருமித்த விடை வந்தது. ‘‘எந்த இளைஞர்? எந்நேரத்தில்? எங்கே இருந்துகொண்டு?’’ என்று கேட்டபோது அவை அமைதியாயிற்று. கேட்பவரை அறியாமல் எழுதப்படும் உரை, முகவரியின்றி அஞ்சற்பெட்டியில் இடப்படும் மடலை ஒத்தது. எனவே ஒவ்வொரு மாணவரும் ஐவரைக் கண்டு நான்கு வினாக்களைக் கேட்டு வருவது என முடிவாயிற்று. வீட்டில் அல்லது கடையில் வானொலி எப்போது ஒலிக்கிறது? அதனை இயக்குபவர் யார்? அப்போது உங்கள் கைகள் என்ன வேலை செய்துகொண்டிருக்கும்? எந்தக் குரலை உங்களால் பெயர் சொல்லி நினைவுகூர முடிகிறது?

மூன்றாம் வினாவே பெரும்பயன் தந்தது. விடுதி மாணவர் செல்பேசியில் பாடல் மட்டும் கேட்பதாகக் கூறினர்; பேச்சு வந்தால் மாற்றிவிடுவார்களாம். நம் ‘இளைஞர்’ நம்மைக் கேட்கவே இல்லை. தையற்கடையில், சமையற்கட்டில், ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தவர்களோ நாள் முழுதும் வானொலியோடு வாழ்ந்தனர். அவர்களின் கண்ணும் கையும் வேலையில் இருந்தன. காது மட்டுமே ஓய்வாக இருந்தது. நான்காம் வினாவுக்கு முதியோர் பலர் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களையே குறிப்பிட்டனர். பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் பெயரைச் சொன்னபோது ஒரு தையற்காரர் தையலை நிறுத்திவிட்டு அவர் அறிவிப்பதுபோலவே பேசிக் காட்டினாராம். கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு குரலை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் வைத்திருக்கும் நேயர்கள், எங்கள் கல்லூரிக் குரல் ஒன்றையும் கேட்டறியாதவர்களாய் இருந்தனர்.

ஆகவே மாணவர் உருவாக்கும் நிகழ்ச்சி மாணவருக்கு மட்டும் உரியதாக இருத்தல் வேண்டா என்பது தெளிவாயிற்று. இரவு எட்டரை மணி என நேரமும் முடிவாயிற்று. தையற்கடைகள் அப்போதும் திறந்திருக்கும்; சமையற்கட்டில் வேலை முடியும் தறுவாயில் இருக்கும்.

பொருள் தேர்வு

பொருள்களைப் பட்டியலிடச் சொன்னால் மாணவர் வழக்கமான தலைப்புகளையே தருவர். பெண்கல்வியின் மேன்மை, நாட்டு ஒருமைப்பாடு, இளைஞரும் எதிர்காலமும் என்பன போன்றவை எங்கள் பட்டியலிலும் வந்து அமர்ந்தன. அவை நல்ல பொருள்களே. ஆனால் ஒலி இதழுக்கு உரிய பொருளை அளக்க ஒரு கேள்வி போதும்: இதைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவீர்கள்? சென்று பேச ஓர் ஆள் இல்லாத பொருள் கட்டுரைக்குத்தான் உதவும், ஒலிக்கு உதவாது. இக்கேள்வியால் பட்டியலில் முக்கால் பங்கு நீங்கியது.

எஞ்சியவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாத மாணவி ஒருவர் தாழ்ந்த குரலில் ‘‘எங்க அத்தா கல்லுதான் தீட்டுறாங்க ஐயா’’ என்றார். திருச்சிராப்பள்ளியில் செயற்கை வைரக் கற்களைப் பட்டை தீட்டும் தொழில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டிய சிறுகல்லைச் சுழலும் சக்கரத்தின்மேல் பொருத்தி, கண்ணளவாலும் விரலளவாலும் ஒவ்வொரு முகமாகத் தீட்டுவார்கள். சீனத்திலிருந்து இயந்திரத்தால் தீட்டப்பட்ட கற்கள் மலிவாக வந்து குவியவே பட்டறைகள் நலிந்தன. கல்லூரிக்கு அருகிலேயே நிகழ்ந்த இம்மாற்றத்தை நாங்கள் ஒருவரும் நிகழ்ச்சிப் பொருளாக எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்து ஆய்வு. மாணவர் மூன்று பிரிவாகச் சென்றனர். ஒரு பிரிவு நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் பார்த்தது. ஒரு பிரிவு கல் விற்பவரைக் கண்டது. ஒரு பிரிவு தொழிலை விட்டுச் சென்றவர்களைத் தேடியது. ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் உறுதி செய்த பின்னரே எழுதுதல் வேண்டும் என்பது எங்கள் விதி. எத்தனை குடும்பங்கள் இத்தொழிலை நம்பியிருந்தன என்னும் வினாவுக்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணைக் கூறினர். ஒன்றோடொன்று எவ்வகையிலும் பொருந்தவில்லை. எனவே எண்ணையே விட்டுவிட்டோம். பெரிய எண் ஒன்றைச் சொன்னால் நிகழ்ச்சிக்கு எடுப்பாக இருக்கும் என்று வாதிட்ட மாணவருக்கு, எண் தவறானால் பட்டறையில் இருந்து கேட்பவர் அந்நொடியே வானொலியை நிறுத்திவிடுவார் என்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் செய்த பிழை

முதல் ஒலிப்பதிவுக்கு நானும் உடன் சென்றேன். அம்மாணவியின் தந்தையார் ஐம்பது வயதைக் கடந்தவர். தேநீர் தந்தார், கல்லைப் பற்றி, சக்கரத்தைப் பற்றி, தம் இளமைக்காலப் பட்டறைகளைப் பற்றி வெகு அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். பதிவு தொடங்கும் முன் நான் ஒரு சொல் சொன்னேன்: ‘‘வானொலியில் வருகிறது, கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லுங்கள்.’’

அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘‘அடியேன் இத்தொழிலில் முப்பது வருட காலமாக ஈடுபட்டு வருகிறேன்’’ என்று தொடங்கி, மனு வாசிப்பவரைப்போல் பத்து நிமிடம் பேசி நிறுத்தினார். அப்பதிவில் ஒரு நொடியும் பயன்படவில்லை. அது மட்டுமன்று. மகள் எழுதியிருந்த இணைப்புரையில் ‘எங்க அத்தா’ என்று இருந்ததை ‘என் தந்தையார்’ எனச் சிவப்பு மையால் நானே திருத்தியிருந்தேன். அவர் அதனைப் படித்தபோது வேறு யாருடைய தந்தையையோ பற்றிப் படிப்பதுபோல் இருந்தது. அதைக் கேட்ட மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; என்னிடம் சொல்லத்தான் தயங்கினார்கள்.

தூய தமிழுக்கு நான் எதிரியல்லன். அதுவே என் பணி. எனினும் மேடைத்தமிழ் வேறு, செவித்தமிழ் வேறு என்பதை அன்று உணர்ந்தேன். தொகுப்பாளரின் உரை எளிய எழுத்துத் தமிழில் இருக்கலாம். பேட்டி தருபவரின் மொழி அவருடையதாகவே இருத்தல் வேண்டும். மகள் தன் தந்தையைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘அத்தா’ என்பதே சொல்.

இரண்டாம் முறை மாணவர்கள் நான் இல்லாமலே சென்றனர். அவர் சக்கரத்தின் முன் அமர்ந்து வேலை செய்துகொண்டே பேசினார். பேச்சு மிக நன்றாக அமைந்தது. ஆனால் சக்கரத்தின் இரைச்சல் பாதிச் சொற்களை விழுங்கிவிட்டது. மூன்றாம் முறை சென்று முறையாகச் செய்தனர். சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பேச்சைப் பதிவு செய்தல்; பின்பு ஒருவரும் பேசாதிருக்கச் சக்கர ஒலியை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்தல்; அதன்பின் அவ்வறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்தல். தொகுக்கும்போது பேச்சின் கீழே சக்கர ஒலியைத் தேவையான அளவில் இழைத்துக்கொள்ளலாம். ஒன்றாகப் பதிந்த இரண்டு ஒலிகளைப் பிரிப்பது மிகக் கடினம். விலையுயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை, செல்பேசியே கருவி. வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டால் போதுமான தெளிவு கிட்டியது. கணினியில் விலையின்றிக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ மென்பொருளால் தொகுத்தோம்.

செவிக்கு எழுதுதல்

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தார்; அவற்றுள் கூறியது கூறலும் ஒன்று. தேர்வுத்தாளில் இக்குற்றத்திற்காக எத்தனையோ மதிப்பெண்களைக் குறைத்திருக்கிறேன். வானொலியிலோ கூறியதைக் கூறாமை பெரும் குறையாகி விடுகிறது. நேயர் நடுவில் வந்து சேர்வார். குக்கர் ஓசையில் ஒரு தொடரைத் தவறவிடுவார். திரும்பிப் பார்க்க அவருக்குப் பக்கம் இல்லை. ஆகவே பேசுபவர் யார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதை இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேறு சொற்களால் நினைவூட்டுதல் வேண்டும். ‘அவர்’ என்று சுட்டுவதைக் குறைத்து, ‘கல் தீட்டும் பெரியவர்’ என்று பெயராகவே சொல்லுதல் நலம். வினையெச்சங்களை அடுக்கி வாக்கியத்தின் இறுதியில் முற்றை வைக்கும் நம் வழக்கமான நடை, கேட்பவரை நெடுந்தொலைவு நடக்க வைத்துவிடுகிறது. இக்கட்டுரையின் வாக்கியங்களே அதற்குச் சான்று. இவற்றை ஒலிவாங்கியின் முன் படித்தால் மூச்சு வாங்கும்.

சொல்லெண்ணிக்கையையும் வகுப்பில் அளந்தோம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் இயல்பாகப் படித்தபோது நிமிடத்திற்கு ஏறத்தாழ 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள் வந்தன. நான்கு பக்கம் எழுதி வந்து ‘‘மூன்று நிமிடந்தான் ஐயா’’ என்று கூறிய மாணவர்கள் அன்றோடு அடங்கினர்.

அரைமணியின் பங்கீடு

அரைமணி என்பது 30 நிமிடம். எங்கள் நிரல் இவ்வாறு அமைந்தது. முகப்பிசை அரை நிமிடம். வரவேற்பும் முன்னோட்டமும் 1 நிமிடம். கல் தீட்டுவோர் பற்றிய உரைச்சித்திரம் 7 நிமிடம். தெருவில் பலரிடம் ஒரே வினாவைக் கேட்டுத் தொகுத்த கருத்துகள் இரண்டரை நிமிடம். நூலகர் ஒருவருடன் நேர்முகம் 6 நிமிடம். ஒரு சொல்லின் வரலாறு 3 நிமிடம். மாணவரே எழுதி இசையமைத்துப் பாடிய பாடல் மூன்றரை நிமிடம். நேயர் மடல் இரண்டரை நிமிடம். இடையிடையே இணைப்புரைகள் எல்லாம் சேர்ந்து 2 நிமிடம். நிறைவு 1 நிமிடம். கூட்டினால் 29 நிமிடம். எஞ்சிய ஒரு நிமிடத்தை வேண்டுமென்றே வெற்றாக விட்டோம். பதிவில் எவையேனும் நீளாமல் இருந்ததே இல்லை.

திரைப்பாடலைச் சேர்க்க மாணவர் விரும்பினர். உரிமம் பெறாமல் ஒலிபரப்புவது முறையன்று என்பதோடு, நேயர் அதனை எந்நிலையத்திலும் கேட்கலாம் என்பதாலும் மறுத்தேன். முதல் இதழுக்கு ஏது நேயர் மடல் என்னும் வினாவும் எழுந்தது. கற்பனைப் பெயரில் மடல் எழுதிப் படிக்கலாம் என்று ஒருவர் கூறினார். அது பொய். கணக்கெடுப்பின்போது ஐம்பத்தைந்து பேர் சொன்ன கருத்துகள் கையில் இருந்தனவே, அவற்றையே படித்தோம்.

கூறுகளை அடுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கனமான கூறு ஒன்றை அடுத்து மற்றொரு கனமான கூறு வரலாகாது. ஆண்குரலை அடுத்துப் பெண்குரல், ஒருவர் உரையை அடுத்துப் பலர் குரல், அறைக்குள் பதிந்ததை அடுத்துத் தெருவில் பதிந்தது என மாறி மாறி வந்தால் செவி சலிப்பதில்லை. சிறந்த கூறு முதலில் வர வேண்டும். கடைசிக்கென்று சேமித்து வைத்தால் அதுவரை காத்திருக்க நேயருக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை.

நாற்பது நொடி

எல்லாம் முடிந்து ஒலிபரப்புக்கு மூன்று நாள் இருந்தபோது அம்மாணவி துறைக்கு வந்தார். உரைச்சித்திரத்தில் அவருடைய தந்தையார் தமக்குக் கூலி பாக்கி வைத்த ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார். வேலையின் ஓட்டத்தில் வந்த பேச்சு அது. நிகழ்ச்சியில் மிக உயிருள்ள பகுதியும் அதுவே. இரவு அதனை நினைத்து அவருக்கு உறக்கம் வரவில்லையாம். ‘‘அந்த இடத்த மட்டும் எடுத்துரச் சொல்லும்மா, நாளைக்கி அவுங்க மூஞ்சியில முழிக்கணும்’’ என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாணவர் இரு பிரிவாயினர். பெயரை மட்டும் நீக்கிவிட்டுச் செய்தியை வைத்துக்கொள்ளலாம் என்றது ஒரு பிரிவு. உண்மையைத்தானே சொன்னார், அஞ்சுவானேன் என்றது அது. மறுபிரிவு, ஐந்து கிலோமீட்டருக்குள் ஒலிக்கும் வானொலியில் பெயரை நீக்கினாலும் ஆள் தெரிந்துவிடும் என்றது. எனக்கும் முதலில் முதற்பிரிவின் பக்கமே மனம் சாய்ந்தது. ஆனால் குரல் அவருடையது. மறுநாள் அந்தத் தெருவில் நடப்பவரும் அவரே. நாங்கள் ஒலிப்பதிவுக்குச் சென்றபோது எதற்காகப் பதிவு செய்கிறோம், எப்போது வரும் என்றெல்லாம் கூறினோமே தவிர, தொகுத்ததை ஒருமுறை போட்டுக் காட்டுகிறோம் என்று கூறவில்லை. அது எங்கள் திட்டத்திலேயே இல்லை. அடுத்த அணியின் திட்டத்தில் அது இடம்பெறுதல் வேண்டும்: ஒலிபரப்புக்கு ஒரு வாரம் முன்னர், பேசியவரிடமே பதிவைக் கொண்டுசென்று கேட்கச் செய்தல்.

அப்பகுதியை முழுவதுமாக நீக்கினோம். நாற்பது நொடி குறைந்தது. வேறு எதையும் இட்டு நிரப்ப நேரமும் இல்லை, மனமும் இல்லை. தனியே பதிந்து வைத்திருந்த சக்கர ஒலியை அவ்விடத்தில் வைத்தோம். மகளும் ஒருவருமாகப் பட்டறைக்குச் சென்று அதனைத் தந்தையாரிடம் போட்டுக் காட்டினர். இறுதிவரை கேட்டுவிட்டு, தம் சக்கரம் இவ்வளவு சத்தம் போடுகிறதா என்று மட்டும் கேட்டாராம்.

ஒலிபரப்பு நாளன்று நாங்கள் துறையில் கூடிக் கேட்டோம். மறுவாரம் உண்மையான நேயர் மடல்கள் நான்கு வந்தன. அவற்றுள் ஒன்று ஒரு தையற்கடையிலிருந்து வந்தது. ‘நடுவில் பேச்சு நின்று மிஷின் சத்தம் மட்டும் வந்ததே, ஒலிபரப்பில் பழுதா?’ என்று கேட்டிருந்தார். இரண்டாம் இதழின் மடல் பகுதியில் அதற்கு விடை சொல்லும் பொறுப்பை அம்மாணவியே ஏற்றுக்கொண்டார். விடையை எழுதி என்னிடம் திருத்தத்திற்குக் கொடுத்தார். ‘பழுது இல்லைங்க, எங்க அத்தா அந்த நேரம் பேசாம வேலை பார்த்தாங்க’ என்று இருந்தது. திருத்தாமல் கொடுத்துவிட்டேன்.